உயிர்வேலி: வெளியே முள், உள்ளே கீரை

கேள்வி: கடலூரில் கேப்பர் மலைப் பக்கம் 20 சென்ட் மனை வாங்கியிருக்கிறோம். செம்மண், சுற்றளவு 380 அடி. காம்பவுண்ட் சுவர் எழுப்ப இப்போது பணம் இல்லை. முருங்கை, சாயா கீரை, மாதுளை, எலுமிச்சை என்று 12 வகைச் செடி வைத்து ‘சாப்பிடும் உயிர்வேலி’ போட்டுத் தருகிறேன், அடிக் கணக்கில் பணம் கொடுங்கள் என்கிறார் ஒருவர். அங்கே ஆடுகள் நிறைய மேய்கின்றன. இந்த வேலி தாங்குமா?

பதில்: தாங்காது. முருங்கையும் அகத்தியும் நமக்குப் பிடிப்பதைவிட ஆட்டுக்கு அதிகம் பிடிக்கும், அதைக் கொண்டுபோய் ரோட்டு ஓரத்தில் நட்டால் ஊர் ஆடுகளுக்கு நீங்கள் தீவனம் போடுகிறீர்கள் என்றுதான் அர்த்தம். அப்புறம் இந்த 12 வகை என்ற கணக்கு, அது கன்று விற்கிறவருக்குத்தான் வசதி, கையில் மிஞ்சிக் கிடக்கிற எல்லாவற்றையும் தள்ளிவிடலாம். மாதுளை இடுப்பளவில் நிற்கும்போது முருங்கை கூரைக்கு மேலே போய்விடும், அதன் நிழலில் நிற்கிற செடி நோஞ்சானாகி நடுவில் சந்து விழும். ஆடு நுழைய அந்த ஒரு சந்து போதும்.

அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். வெளி வரிசையில் காவலுக்கு ஒரே ஒரு வகைச் செடி. அதற்கு உள்ளே ஐந்தாறு அடி தள்ளி நீங்கள் சாப்பிடுகிற வரிசை.

வெளி வரிசைக்கு உங்கள் மண்ணுக்கு நான் சொல்வது களா. செம்மண்ணும் வெயிலும் அதற்குப் பிரச்சினை இல்லை, முள் கெட்டியானது, ஊறுகாய்க்குக் காய் கிடைக்கும். பேக்கரிகளில் செர்ரி என்று சிவப்பாக மேலே வைக்கிறார்களே, அதில் பல இந்தக் களாக்காயைச் சர்க்கரைப் பாகில் போட்டு எடுத்ததுதான். இரண்டடிக்கு ஒன்று என்றால் உங்களுக்கு 190 கன்று. ‘ஒட்டுக் களா, வெளிநாட்டுக் களா’ என்று யாராவது இரண்டு மடங்கு விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள், வேலிக்கு ஒட்டுக்கன்று எதற்கு? ஆனி, ஆடியில் நன்றாகக் கறுத்த பழம் ஒரு கிலோ வாங்கினால் தேவைக்கு மேலேயே விதை இருக்கும். கழுவி, நிழலில் உலர்த்தி, உடனே பையில் ஊன்றிவிட வேண்டும். வைத்திருந்தால் முளைப்புத் திறன் போய்விடும். ஒரு வருஷம் பையில் வளர்த்து அடுத்த புரட்டாசியில் நடலாம்.

அவ்வளவு பொறுமை இல்லை, கன்றாகவே வாங்குகிறேன் என்றால் பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். வேர் ஓட்டை வழியாக வெளியே வந்து தரையைப் பிடித்திருந்தால் அது எப்போதோ விற்றிருக்க வேண்டிய பழைய கன்று. ஒரு பையைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள், வேர் வட்டமாகச் சுருண்டிருந்தால் அந்த லாட்டே வேண்டாம். உயரமான கன்றாகப் பார்த்து எடுக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். முக்கால் அடிக் கன்று போதும். நட்டு அது பிடித்ததும் நுனியை வெட்டிவிட வேண்டும், பக்கக் கிளை அடியிலிருந்து வந்தால்தான் அது வேலி. மேலே மட்டும் குடை விரித்து அடியில் வெறும் தண்டாக நின்றால் ஆட்டுக்குட்டி குனிந்து வந்துவிடும். முதல் இரண்டு வருஷம் இளந்தளிரை ஆடு கடிக்கும், அதுவரை வெளிப்பக்கம் வெட்டிய முள்ளைப் போட்டு வையுங்கள். பெரிதான பிறகு காய் பறித்து முடித்ததும் ஒருமுறை கத்தரித்தால் போதும். மாதாமாதம் அழகு பார்த்துக் கத்தரித்தால் காய் வராது.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது காய்கறிக்குச் சரி, நமக்கு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டுகிறது. புரட்டாசிக் கடைசியில் நடுங்கள். எல்லையின் உள்பக்கம் ஒரு அடி ஆழம் வாய்க்கால் மாதிரி தோண்டி, அந்த மண்ணை வரப்பாகப் போட்டு அதன் மேல் நட வேண்டும், தண்ணீர் நின்றால் களா போய்விடும். அரசு தரும் இலவசக் கன்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாமா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கன்று மழை விட்டபிறகுதான் வரும், பேப்பரில் நட்ட கணக்கு மட்டும் சரியாக இருக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் முள் வேண்டாம். மனையின் ஒரு பக்கம் பொதுப் பாதையோ, பக்கத்து வீட்டுக்காரர் நடக்கிற சந்தோ இருந்தால் அங்கே களா கூடவே கூடாது. வெட்டிய சின்னச் சின்னக் கிளை மண்ணில் கிடந்து காயும், முள் மட்டும் காயக் காய இரும்பாகிவிடும். சைக்கிள் டயர் போகும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை காலில் ஏறும், நீங்கள்தான் பொறுக்கி எடுக்க வேண்டும், ஒருநாள் விட்டால் சண்டை. அந்தப் பக்கத்துக்கு மட்டும் நொச்சியும் ஆடாதோடையும் ஒரு அடிக்கு ஒன்றாக நெருக்கி நடுங்கள். போத்து, அதாவது கிளைக் குச்சி, வெட்டி ஊன்றினாலே வரும், செலவில்லை, ஆடு வாய் வைக்காது, சளி பிடித்தால் இலை வீட்டுக்கு ஆகும். ஆனால் முள் இல்லாததால் ஆள் நுழைவதைத் தடுக்காது, அங்கே இரண்டு வரிக் கம்பி இழுத்துக்கொள்ளுங்கள். பாதை உங்களுடையதே என்றாலும் இதையே செய்யுங்கள், நடக்கப்போவது உங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

கொடுக்காப்புளி வைக்கலாமா என்றும் நினைப்பீர்கள். ஒரு வருஷம் வெட்டாமல் அசந்தால் மரமாகிவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்ததைப் பார்த்தவர்கள் எல்லை ஓரத்தில் மரம் வளர்க்க யோசிப்பார்கள்.

சந்து விழுந்தால் காட்டாமணக்கைச் செருகிவிடுவது இந்தக் காண்டிராக்டர்களின் வழக்கம். 2000-களில் பயோடீசல் என்று சொல்லி ஊரெல்லாம் நட வைத்த அதே செடிதான். ஆடு தொடாது, உண்மை. ஆனால் கொட்டையைப் பிள்ளைகள் வேர்க்கடலை மாதிரி தின்றுவிட்டு வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். ஒரு குச்சிகூட உள்ளே விடாதீர்கள்.

உள் வரிசையில் உங்கள் இஷ்டம்: கறிவேப்பிலை, இடுப்பளவில் வெட்டி வளர்க்கிற முருங்கை, அகத்தி, களா மேலேயே படரவிட்டால் பிரண்டை, தூதுவளை. சாயா கீரையும் வைக்கலாம், ஆனால் பச்சையாக ஜூஸ் அடிக்கலாம் என்று விற்கிறவர் சொன்னால் நம்பாதீர்கள். பச்சை இலையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, மூடாமல் 20 நிமிஷம் கொதிக்க வேண்டும். மல்டிவைட்டமின் கீரை என்று விற்கும் தவசிக்கீரையையும் பச்சையாகக் குடிக்காதீர்கள், 1990-களில் தைவானில் உடம்பு இளைக்க அதைப் பச்சைச் சாறாகக் குடித்தவர்களுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. பொரியலாக அளவோடு சாப்பிடுங்கள்.

தோண்டுவதற்கு முன்னால் எல்லைக் கல்லைக் கண்டுபிடியுங்கள். கல் இல்லையென்றால் சர்வேயருக்கு இன்றே எழுதிப் போடுங்கள், அவர் வரும்போது களா காய்த்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அதுவரை வரப்பை எல்லையிலிருந்து மூன்றடி உள்ளே வையுங்கள், களா அகலமாகப் பரவும், அந்த இடம் எப்படியும் அதற்குத் தேவை.

முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? கொடுத்திருந்தால் அந்தத் தொகைக்குக் கறிவேப்பிலை, முருங்கைக் கன்றாக வாங்கிக் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள். வேலியை நம்பகமான இரண்டு ஆளைக் கூலிக்கு வைத்து நீங்களே நட்டுவிடலாம்.