பழைய விமான எஞ்சினை வீட்ல கட்டுற விமானத்துல மாட்டலாமா?

மாட்டலாம், அமெரிக்கால நிறைய பேர் செய்றாங்க. வீட்ல கட்டுற விமானம்னா ஆசைக்கோ கத்துக்கவோ பாதிக்கு மேல வேலையை நாமளே செய்றது. பழைய செஸ்னா 172ங்கிற சின்ன விமானத்துல கழட்டுன லைகோமிங் ஓ-320 எஞ்சின் கிடைச்சா, எஞ்சின் மாட்டுற ஃப்ரேம் பொருந்துதான்னு பாருங்க, அது சின்ன விஷயம். என் பயம் துருதான். இதுல வால்வை தூக்குற கேம்ஷாஃப்ட் மேல இருக்கு, ஓடாம கிடந்தா ஆயில் வடிஞ்சு, ஈரக்காத்து பட்டு, எண்ணெய் தடவாம போட்டு வச்ச இரும்பு தோசைக்கல் மாதிரி ஆயிடும், கல்லையாவது தேய்ச்சுக்கலாம், இது அரைஞ்சு இரும்புப் பொடியா ஆயில் ஃபில்டர்ல வந்து நிக்கும், அதனால ஃபில்டரை வெட்டிப் பாக்காம காசு குடுக்காதீங்க. "கம்மி மணி நேரம் ஓடுனதுதான் நல்ல எஞ்சின்"னு நினைக்கிறது தப்பு. 20 வருஷத்துல 300 மணி ஓடுனதை விட, வாராவாரம் பறந்து 1,200 மணி ஓடுனதையே நான் எடுப்பேன்.