எண்ணெய் இல்லாமல் உரசும் இடத்தில், அலுமினியத்தில் இழை சேர்த்தால் தேய்மானம் எப்போதும் குறையுமா?

குறையும், ஆனால் ஒரு சுமை வரைதான். முதுகலை ப்ராஜெக்டுக்காக இதே வேலையில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

சோதனை எளிமையானது. சுழலும் எஃகுத் தட்டின் மேல் சோதிக்க வேண்டிய அலுமினியத்தில் செய்த, சுண்டுவிரலை விட மெல்லிய குச்சி ஒன்றை ('பின்', pin) நிறுத்தி, எடை தொங்கவிட்டு அழுத்த வேண்டும். எண்ணெய் ஒரு சொட்டும் ஆகாது. ஓட்டத்துக்கு முன்பும் பிறகும் பின்னை அசிட்டோனில் கழுவி, மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில் நிறுக்க வேண்டும். குறைந்த எடைதான் தேய்மானம்.

நான் எடுத்துக்கொண்டது 12 சதவீதம் அளவுக்குச் சிலிக்கான் கலந்த பிஸ்டன் அலுமினியம். அதில் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) குட்டை இழைகள். ஓர் இழை 3 மைக்ரான் பருமன்தான் இருக்கும், தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு. இழை இல்லாத பின் தட்டில் ஈஷிக்கொண்டு வந்தது. இழை போட்டது அசரவில்லை. சுமையைக் கடினமான இழைகள் வாங்கிக்கொள்வதால் எஃகு அலுமினியத்தை நேராகப் போய்த் தொடுவது குறைகிறது.

ஒருமுறை ஓட்டி முடித்து நிறுத்தால் பின்னின் எடை கூடியிருந்தது! முதலில் தராசைத்தான் திட்டினேன். அப்புறம் பார்த்தால் பின்னின் முகத்தில் கறுப்பாக ஒரு படலம். இழை தட்டைச் சுரண்டியிருக்கிறது. அந்த இரும்புத் தூள் ஆக்சைடாகி, அலுமினியத்தோடு கலந்து பின்னிலேயே அப்பிக்கொண்டது. அந்தப் படலம் நிலைக்கும் வரை அந்தப் பின் நன்றாகவே தாங்கும். ஆனால் தேய்ந்தது தட்டு! பின்னை மட்டும் நிறுத்துவிட்டு 'தேய்மானம் இல்லை' என்று எழுதும் அறிக்கைகளை அன்றிலிருந்து நான் நம்புவதில்லை.

சுமையை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இழைகள் ஒடியும். ஒடிந்த துண்டுகள் இடையில் சிக்கி உப்புத்தாள் போல இரண்டு பக்கத்தையும் அறுக்கும். தூளைப் பார்த்தாலே தெரியும்: அதுவரை கரிப்பொடியாக விழுந்தது, பளபளவென்று செதில் செதிலாக விழ ஆரம்பிக்கும். சத்தமும் கரகரப்பாகிவிடும்.

கார்பன் இழை சேர்த்தால் கிராஃபைட் போல வழுக்கும் படலம் கிடைக்கும், தட்டும் பிழைக்கும். ஆனால் உருகிய அலுமினியத்தில் அதிக நேரம் ஊறினால் அலுமினியம் கார்பைடு உண்டாகி, ஒட்டும் இடம் நொறுங்கிப்போகும். ஹோண்டா பிரெலூட் காரின் சிலிண்டர் சுவரில் அலுமினா, கார்பன் இரண்டு இழைகளையும் சேர்த்தே போட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் டொயோட்டா டீசல் பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தில் மட்டும் இழை வைத்தது. இரண்டு இடத்திலும் எண்ணெய் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

இழைக்குக் காசு போடுவதற்கு முன் சாதாரண அலுமினியத்தையே உங்கள் சுமையில் ஓட்டிப் பாருங்கள். விழும் தூள் கறுப்பாகவே இருந்தால் இழை தேவைப்படாமலும் போகலாம்.