80 மில்லியன் பவுண்டு யார் வைத்த விலை?

கேள்வி: ராத்திரி கண்விழித்து மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து ஆட்டம் பார்க்கிற கூட்டம் நாங்கள். 2019-ல் தடுப்பாட்டக்காரர் ஹேரி மக்வயரை 80 மில்லியன் பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். அந்தக் காசுக்கு அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து வயிறு எரிந்ததுதான் மிச்சம். அவர் திரும்புவதற்குள் எதிரணிக்காரன் கோல் போட்டுவிட்டுக் கொடிக்கம்பம் வரை ஓடிவிடுகிறான். ரசிகன் கூச்சல் போட்டால் மட்டும் தப்பு என்கிறார்கள். காசு வாங்குகிறவர் திட்டும் வாங்கத்தானே வேண்டும்? - வாசகர், வியாசர்பாடி

பதில்: கோபப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு, நண்பரே. நானும் யுனைடெட் ரசிகன்தான். 2021-22 சீசனில் மக்வயர் மோசமாக ஆடினார். அதை மூடி மறைத்து ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

ஆனால் அந்த மோசத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 2021 அக்டோபர் 16, மக்வயரின் பழைய கிளப் லெஸ்டரின் மைதானம். மக்வயருக்குக் கெண்டைக்காலில் காயம். சரியாகப் பயிற்சிகூட எடுக்கவில்லை. இன்னொரு தடுப்பாட்டக்காரர் வரானும் பிரான்ஸ் அணிக்காக ஆடப்போய் அடிபட்டிருந்ததால், பயிற்சியாளர் சோல்ஷியர் இவரையே இறக்கினார். கீப்பர் டி கேயா தட்டிக் கொடுத்த பந்தை வாங்கித் திரும்புவதற்குள் இஹியனாச்சோ வந்து பிடுங்கிவிட்டார். அங்கிருந்து டீலமன்ஸ் கீப்பர் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார், கோல். ஆட்டம் 4-2 என்று போனது. எட்டாவது நாள் சொந்த மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் லிவர்பூலிடம் 5-0 தோல்வி. அதில் இரண்டாவது கோலை மறக்கவே முடியாது. ஒரே பந்துக்கு மக்வயரும் லூக் ஷாவும் சேர்ந்து ஓடி, ஒருவருக்கொருவர் குறுக்கே நின்றுகொண்டார்கள். பந்து லிவர்பூல் காலுக்குப் போனது, கடைசியில் ஜோட்டா வலைக்குள் தட்டிவிட்டார். அடுத்த மாதம் வாட்ஃபோர்டிடம் 4-1 தோல்வி, மக்வயருக்குச் சிவப்பு அட்டை, மறுநாள் சோல்ஷியருக்கு வேலை போனது.

இதில் மக்வயர் செய்த தவறு எது, மற்றவர்கள் செய்த தவறு எது? பந்தைப் பறிகொடுத்தது அவர். ஆறாத காலோடு அவரை இறக்கியது பயிற்சியாளர். 80 மில்லியன் கொடுத்து வாங்கிவிட்டோமே, அவர்தான் கேப்டனும் ஆயிற்றே, எப்படி உட்கார வைப்பது என்ற தயக்கம் அந்த முடிவில் இருந்தது என்பதே என் எண்ணம்.

அந்த 80 மில்லியன் எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 2018 ஜனவரியில் லிவர்பூல் சவுத்தாம்ப்டனுக்கு 75 மில்லியன் கொடுத்து வான் டைக்கை வாங்கியது. தடுப்பாட்டக்காரருக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. அதன்பின் லெஸ்டரிடம் நல்ல ஸ்டாப்பர், அதாவது நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர், கேட்டு யார் போனாலும், அந்தத் தொகையிலிருந்துதான் பேச்சே தொடங்கும். யுனைடெட்டுக்கு ஸ்டாப்பர் அவசரமாகத் தேவை என்பதும் ஊருக்கே தெரிந்திருந்தது. 2019 ஆகஸ்டில், சந்தை மூடச் சில நாட்கள் இருக்கும்போது, அன்றைய மதிப்பில் சுமார் 690 கோடி ரூபாய்க்குப் பேரம் முடிந்தது. இந்தத் தொகை கிளப்பிலிருந்து கிளப்புக்குப் போகிற பணம். ஆட்டக்காரர் கேட்டு வாங்கியது இல்லை. அவருடைய வாரச் சம்பளம் வேறு. அதையும் நிர்வாகம்தான் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது.

இன்னொன்று. லெஸ்டரில் அவர் ஆடிய இடம் வேறு. பக்கத்தில் அனுபவசாலி ஜானி எவன்ஸ், முன்னால் இங்கும் அங்கும் ஓடிப் பந்தைப் பறிக்கும் என்டிடி. பின்னால் வெற்றிடம் குறைவு. அங்கே மக்வயர் பந்தைக் காலில் எடுத்துக்கொண்டு முன்னேறுவதைப் பார்க்கவே அழகாக இருக்கும். 2018 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஸ்வீடனுக்கு எதிராக அவர் அடித்த ஹெடரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யுனைடெட்டிலோ நடுக்கோட்டருகே நிற்கச் சொன்னார்கள். முதுகுக்குப் பின்னால் பாதி மைதானம் காலி. ஆறடி நாலங்குல உயரமுள்ளவர் திரும்பி ஓட வேண்டும் என்றால், எதிரில் வருபவருக்கு அந்த ஒரு நொடி போதும். வாங்குவதற்கு முன்பே இது தெரியாமலா இருந்திருக்கும்? அவரை வேவு பார்த்து அறிக்கை எழுதியவர்கள் அத்தனை பேரும் லெஸ்டர் ஆட்டங்களைத்தானே பார்த்தார்கள்?

கூச்சலுக்கு வருகிறேன். 2022 மார்ச்சில் வெம்ப்ளி மைதானத்தில் ஐவரி கோஸ்ட்டுக்கு எதிராக இங்கிலாந்து ஆடியது. மக்வயர் பெயரை அறிவித்ததுமே சொந்த நாட்டு ரசிகர்கள் ஊளையிட்டார்கள். அவர் காலில் முதல் பந்து படும்போதும் அதே சத்தம். இங்கிலாந்துக்காக அவர் என்ன குறை வைத்தார்? முந்தைய ஆண்டு யூரோ இறுதியில் பெனால்டியை வலைக்குள் இருந்த கேமரா உடையும்படி அடித்தவர் அவர். ஏப்ரலில் லிவர்பூலிடம் மறுபடி 4-0 தோற்ற மறுநாள் அவர் வீட்டுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்து போலீஸ் சோதனை போட்டது. வீட்டில் சின்னக் குழந்தைகள். ஜூலையில் மெல்போர்னில் நட்பு ஆட்டம், அங்கேயும் யுனைடெட் சட்டை போட்டவர்களே ஊளையிட்டார்கள்.

கல்லூரி அணியில் ஸ்டாப்பராக நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நம் ஆட்களே கத்தத் தொடங்கினால் முதலில் போவது கால் வேகம் இல்லை, முன்னால் பாஸ் கொடுக்கும் துணிச்சல்தான். பந்து வந்ததும் பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிடத் தோன்றும். அவன் திருப்பித் தருவான். மறுபடி தள்ளுவோம். இதற்குள் எதிரணி நெருங்கிவிடும். அந்த சீசன் மக்வயரின் ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், இதேதான் நடக்கும்.

ஃபார்ம் இல்லாதவரை உட்கார வையுங்கள் என்று கேளுங்கள். உரக்கக் கேளுங்கள். அதுதான் ரசிகனின் வேலை. பின்னர் பயிற்சியாளராக வந்த டென் ஹாக் அதைத்தான் செய்தார். 2022 ஆகஸ்டில் பிரென்ட்ஃபோர்டிடம் முதல் பாதியிலேயே நான்கு கோல் வாங்கியபின், அடுத்த ஆட்டத்தில் மக்வயர் பெஞ்சுக்குப் போனார், வரானும் மார்ட்டினெஸும் நின்றார்கள், லிவர்பூலை 2-1 என்று ஜெயித்தார்கள். மறு ஆண்டு ஜூலையில் கேப்டன் பதவியையும் எடுத்து சக ஆட்டக்காரர் புரூனோவிடம் கொடுத்தார். இரண்டும் சரியான முடிவு. அந்த முடிவை எடுக்கச் சம்பளம் வாங்கும் ஆட்கள் மேலே இருக்கிறார்கள். உங்கள் கோபம் அவர்கள் கதவைத் தட்டட்டும்.

கேள்வி: அவ்வளவு பிரச்சினை என்றால் விற்றுத் தொலைக்க வேண்டியதுதானே? ஏன் விற்கவில்லை? - வாசகர், மதுரை

பதில்: விற்கப் பார்த்தார்கள். 2023 ஆகஸ்டில் வெஸ்ட் ஹாம் சுமார் 30 மில்லியன் தர முன்வந்தது, யுனைடெட்டும் சம்மதித்தது. இந்த 30 ஏன் சம்மதமானது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. கிளப்புகள் வாங்கிய விலையை ஒரே வருடச் செலவாக எழுதுவதில்லை, ஒப்பந்த காலம் முழுக்கப் பிரித்து எழுதுகின்றன. மக்வயருக்கு ஆறு வருட ஒப்பந்தம். 80-ஐ ஆறால் வகுத்தால் வருடத்துக்குப் பதின்மூன்று மில்லியனுக்குச் சற்று மேல். நான்கு வருடம் கழிந்தபின் புத்தகத்தில் மீதி சுமார் 27. ஆக, 30-க்கு விற்றால் கணக்குப் புத்தகத்தில் நட்டம் இல்லை. 2020-லோ 2021-லோ அதே விலைக்கு விற்றிருந்தால் பெரிய ஓட்டை விழுந்திருக்கும்.

ஆனால் இங்கிலாந்தில் ஆட்டக்காரர் ஒப்பாமல் விற்க முடியாது. புது கிளப்பில் சம்பளம் குறையும், ஒப்பந்தப்படி வரவேண்டிய மீதியை யார் ஈடுகட்டுவது என்பதில்தான் பேச்சு முறிந்தது என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அதற்காக மக்வயரைப் பேராசைக்காரர் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கையெழுத்துப் போட்டுத் தந்த சம்பளத்தை விட்டுக்கொடு என்று நம் அலுவலகத்தில் கேட்டால் நாம் விடுவோமா?

கேள்வி: கானா நாட்டு நாடாளுமன்றத்தில் மக்வயரைப் பற்றிப் பேசினார்களாமே, உண்மையா? - வாசகி, திருச்சி

பதில்: உண்மைதான். 2022-ல் ஐசக் அடோங்கோ என்ற எதிர்க்கட்சி உறுப்பினர், பொருளாதாரத்தைக் கவனித்த துணை அதிபரை மக்வயரோடு ஒப்பிட்டுப் பேசினார். சொந்த கோலுக்கே பந்தடிக்கிறார் என்பது அவர் பேச்சின் சாரம். மறு ஆண்டு மக்வயர் தேறி வந்ததும், அதே சபையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். ஒப்பிட்டபோது கைகொட்டிச் சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்த மன்னிப்பைக் காதில் வாங்கினார்களோ!

கேள்வி: லியோனுக்கு எதிரான கோலோடு எல்லாக் கடனும் தீர்ந்தது என்கிறான் என் தம்பி. அப்படியா? - வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 2025 ஏப்ரல் 17, பிரான்ஸ் கிளப் லியோனோடு ஆட்டம். கூடுதல் நேரத்தில் 4-2 என்று பின்தங்கியிருந்த யுனைடெட், கடைசிச் சில நிமிடங்களில் மூன்று கோல் போட்டது. ஸ்டாப்பரான மக்வயரை ஸ்ட்ரைக்கர் மாதிரி முன்னால் அனுப்பிவிட்டார்கள். 121-வது நிமிடத்தில் கசெமிரோ தூக்கிப் போட்ட பந்தை அவர் தலையால் முட்டி 5-4 ஆக்கினார். அந்த இரவு நானும் கத்தினேன், மறுக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 84-வது நிமிட ஹெடர். 2016-க்குப் பிறகு அங்கே யுனைடெட்டின் முதல் லீக் வெற்றி அது.

ஆனாலும் ஸ்டாப்பரைக் கோலை வைத்து எடை போடக் கூடாது என்பேன். நான் மெச்சுவது 2023 நவம்பரை. கேப்டன் பட்டை போய், விற்கப் பார்க்கப்பட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், மற்றவர்கள் காயம்பட்டபோது வந்து நின்றார். பந்தை முட்டினார், தடுத்தார், எளிமையாகப் பாஸ் கொடுத்தார். அந்த மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதை பிரீமியர் லீக் அவருக்குக் கொடுத்தது. 80 மில்லியன் கொடுத்தது சரியா என்றால், இல்லை, அதிகம்தான். என் பதில் 2019-லும் அதுதான், இன்றும் அதுதான்.

கேள்வி: என் மகன் பள்ளி அணியில் ஸ்டாப்பர். கோல் விழுந்தால் மற்ற பெற்றோர்கூட அவன் பெயரைச் சொல்லித்தான் கத்துகிறார்கள். ஸ்ட்ரைக்கர் ஐந்து கோலை வீணாக்கினாலும் யாரும் கேட்பதில்லை. பையன் விளையாடவே வேண்டாம் என்கிறான். என்ன செய்வது? - ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: சகோதரி, ஸ்டாப்பர் கடைசியில் நிற்பவன். நடுவில் ஒருவன் பந்தை விட்டிருப்பான், ஓரத்தில் ஒருவன் திரும்பி ஓடியிருக்க மாட்டான், பார்ப்பவர் கண்ணுக்கு உங்கள் மகன் மட்டும் தெரிவான். முதலில் பயிற்சியாளரிடம் தனியாகப் பேசுங்கள். கோல் விழுந்த ஆட்டத்துக்குப் பிறகு, பந்து எங்கே பறிபோனது என்பதிலிருந்து அவர் எல்லாப் பையன்களுக்கும் சேர்த்து விளக்க வேண்டும். கோட்டருகே நின்று பெயர் சொல்லிக் கத்தும் பெற்றோரை அவர்தான் கண்டிக்க வேண்டும். நீங்கள் போய்ச் சண்டை போட்டால் பையனுக்குத்தான் சங்கடம்.

மகனுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுங்கள். பந்து தன்னிடம் வரும் முன்பே தோளுக்கு மேல் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும், யார் வருகிறான் என்று. மாலையில் வீட்டு வாசலில் நீங்கள் பந்தை உருட்டிவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் யாரையாவது விரல் காட்டச் சொல்லுங்கள். பந்தைத் தொடும் முன் எத்தனை விரல் என்று அவன் சொல்ல வேண்டும். ஒரு மாதம் விடாமல் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.