மின் மலைச் சைக்கிளுக்கு எத்தனை கியர் வேண்டும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

21 கியர் உள்ள மின் சைக்கிளும், 9 கியர் மட்டுமே உள்ள இன்னொன்றும் கிட்டத்தட்ட ஒரே விலையில் கிடைக்கின்றன. வாரக் கடைசியில் ஏற்காடு ஏறத்தான் வாங்குகிறேன். 21 இருப்பதுதானே நல்லது? (சேலம்)

இல்லை, 9ஐ எடுங்கள். ஆனால் கடையிலேயே குனிந்து பற்களை எண்ணிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

21 என்பது முன்னால் 3 பற்சக்கரம், பின்னால் 7 பற்சக்கரம். வழக்கமாக முன்னால் 24, 34, 42 பற்கள். பின்னால் 14 முதல் 28 வரை. முன் 24, பின் 14 போட்டால் மிதி ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் 1.71 சுற்று சுற்றும். முன் 34, பின் 20 போட்டால் 1.70. முன் 42, பின் 24 போட்டால் 1.75. மூன்று கியர் என்று கணக்குச் சொல்கிறார்கள். காலுக்கு அது ஒரே கியர்தான். 21இல் இப்படி ஒன்றின் மேல் ஒன்று விழுபவை நிறைய.

இனி எல்லைகளைப் பாருங்கள். 21 கியர் வண்டியின் மிக லேசான கியர் 24க்கு 28, அதாவது 0.86. மிகக் கனமானது 42க்கு 14, அதாவது 3. லேசானதைப் போல மூன்றரை மடங்கு. முன்னால் 34 பல் உள்ள ஒற்றைப் பற்சக்கரமும் பின்னால் 11 முதல் 46 வரையும் உள்ள 9 கியர் வண்டியில் லேசானது 0.74, கனமானது 3.09. நான்கு மடங்குக்கும் மேல். ஏற்றத்திலும் சமவெளியிலும் 9தான் கூடுதலாகத் தருகிறது. முன்பக்கச் செயின் மாற்றியே இல்லை என்பதால் கெட்டுப்போக ஒரு பொருள் குறைவு.

கடைக்காரர் "9 கியர்" என்று சொன்னால் போதாது. பின்னால் உள்ள மிகப் பெரிய பற்சக்கரத்துக்கு எத்தனை பல் என்று கேளுங்கள். 46 என்றால் சரி. 36 என்றால் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் மேல் பாதி முழங்காலைக் கேட்கும்.

என்னுடையது பின்சக்கரத்திலேயே மோட்டார் உள்ள 250 வாட் வண்டி, 7 கியர். கொல்லிமலை ஏறும்போது பாதியில் சக்தி விட்டுப்போகிறது. 9 கியர் மாற்றினால் சரியாகுமா? (சேந்தமங்கலம்)

உங்கள் காலுக்கு ஓரளவு சரியாகும். மோட்டாருக்கு ஆகாது. கியர் வாங்கும் முன்னால் எல்லாரும் புரிந்துகொள்ள வேண்டியது இது.

பின்சக்கர மோட்டார் சக்கரத்தை நேரடியாகச் சுற்றுகிறது. அதன் விசை செயின் வழியாகப் போவதே இல்லை. நீங்கள் எந்தக் கியரில் இருந்தாலும் அதற்குத் தெரியாது. வேகம் மிகவும் குறைந்தால் பேட்டரி மின்சாரத்தில் பெரும்பங்கு இழுவையாக மாறாமல் சூடாகிவிடும். மிதி அச்சில் மோட்டார் உள்ள வண்டி வேறு வகை. அதன் விசை செயினில் ஏறிப் பின்பற்களுக்கு வருவதால், நீங்கள் கியரைக் குறைத்தால் மோட்டாரும் சேர்ந்து இளைப்பாறும்.

உங்கள் வண்டியில் முன் 42, பின் கடைசி 28 என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்குச் சுமார் 11.6 கி.மீ. ஆளும் வண்டியுமாக 100 கிலோ, 8 சதவீத ஏற்றம் என்றால், அந்த வேகத்துக்கு ஏறக்குறைய 280 வாட் வேண்டும். அதற்குக் கீழே போக உங்களிடம் கியர் இல்லை. காலும் திணறுகிறது, மோட்டாரும் திணறுகிறது.

9 கியர் கேசட் (தண்டில் செருகும் பின்பல் அடுக்கு) பெரும்பாலும் உங்கள் மோட்டாரில் பொருந்தாது. அதில் மரையில் திருகும் பின்பல் அடுக்கான ஃப்ரீவீல்தான் இருக்கும். அதே மரையில் 14 முதல் 34 வரை உள்ள 7 கியர் ஃப்ரீவீல் கிடைக்கிறது. பின்பக்கச் செயின் மாற்றி 34 பல்லைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் 36 பல் போடுங்கள். அதே மிதிப்பில் வேகம் 8 கி.மீ.யாகும், தேவை 200 வாட்டுக்கு வரும். செயினின் நீளத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அப்படியும் 70 வளைவுகளை ஒரே மூச்சில் ஏறாதீர்கள். பத்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்திச் சக்கரத்தின் நடுப்பகுதியில் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் ஆறும்வரை காத்திருங்கள்.

மிதி அச்சு மோட்டார், 12 கியர். செயினும் சின்னப் பற்களும் சீக்கிரம் தேய்கின்றன. கியர் குறைவாக இருந்தால் ஆயுள் கூடுமா? (குன்னூர்)

கூடும். 12 பற்சக்கரத்தை அடுக்க வேண்டுமானால் பல்லும் செயினும் மெல்லியதாகத்தான் இருக்க வேண்டும். அதன் மேல் உங்கள் கால் விசையோடு, பல வண்டிகளில் 85 நியூட்டன் மீட்டர் அளவுக்கு மோட்டாரின் சுழற்று விசையும் ஏறுகிறது. தயாரிப்பாளர்களுக்கே இது தெரியும். 2016இல் ஸ்ராம் நிறுவனம் மின் சைக்கிளுக்கென்றே கொண்டுவந்த இஎக்ஸ்1 தொகுதியில் 8 கியர்தான், 11 முதல் 48 பல் வரை. பற்சக்கரத்துக்குப் பற்சக்கரம் பெரிய தாவல். மோட்டார் அந்த இடைவெளியை நிரப்பிவிடும் என்பதே அதன் கணக்கு. ஷிமானோவின் லிங்க்கிளைடு வரிசை தடித்த பற்களோடு 9, 10, 11 கியர்களில் வருகிறது. உங்களுக்கு நான் சொல்வது அதன் 10 கியர், 11 முதல் 48 பல் வரை.

ஆனால் பாதித் தேய்மானம் பழக்கத்தால் வருவது. கியர் மாற்றும் அந்த அரைச் சுற்றுக்கு மிதியை லேசாக்குங்கள். மோட்டாரும் தானே தளரும். அழுத்தியபடி மாற்றிச் செயின் அறுந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். நானும் கோத்தகிரிப் பாதையில் ஒருமுறை மழையில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். 12 கியர் செயினில் நீட்சி 0.5 சதவீதத்தைத் தொட்டதும் மாற்றுங்கள். 10 வரை உள்ளவற்றுக்கு 0.75 வரை பொறுக்கலாம். தள்ளிப்போட்டால் கேசட்டையும் சேர்த்து வாங்க வேண்டிவரும்.

ஸ்டுட்கார்ட்டில் வேலை. மோட்டாரும் கியர்பெட்டியும் ஒன்றாக உள்ள பினியன் வண்டி வாங்கப்போகிறேன். 9 கியரா, 12 கியரா? (ஜெர்மனி)

வீச்சு என்பது மிகக் கனமான கியர் மிக லேசானதைப் போல எத்தனை மடங்கு என்பது. 9இன் வீச்சு 568 சதவீதம், 12இன் வீச்சு 600. மூன்று கியர் கூடுதலாகக் கொடுத்தும் வீச்சு அதிகம் மாறவில்லை, படிகள்தான் நெருக்கமாகின்றன. காட்டுப்பாதையில் ஏற்றமும் இறக்கமும் சட்டென்று மாறும் இடங்களுக்கு 9 போதும். நீண்ட தார்ச்சாலையில் ஒரே தாளத்தில் மிதிப்பவர் என்றால் 12.

அப்பாவுக்கு 62 வயது. கடைத்தெருவுக்குப் போய்வர மட்டும். மலைச் சைக்கிள் தோற்றம் பிடித்திருக்கிறது. கியர் இல்லாததே போதுமா? (நாகப்பட்டினம்)

சமநிலம்தான், போதும் என்றே தோன்றும். ஆனால் பேட்டரி தீர்ந்த அன்று 20 கிலோவுக்கு மேலான வண்டியைக் கடற்காற்றுக்கு எதிரே மிதிக்க வேண்டிவரும். 7 கியர் வாங்கிக்கொடுங்கள். அதற்கு மேல் கியருக்காகச் செலவழிக்க வேண்டாம். உப்புக் காற்றில் செயின் துருப்பிடிக்கும், வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடச் சொல்லுங்கள்.