இங்கிலாந்தின் ஆண்கள் கிராமர் பள்ளியில் ப்ரீஃபெக்ட் என்பவர் யார்? அவருக்கு ஏன் அவ்வளவு அதிகாரம்?

கிராமர் பள்ளி என்பது தேர்வு வைத்து மாணவர்களைச் சேர்க்கும் உயர்நிலைப் பள்ளி. அங்கே சிறு பையன்களின் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும்படி பள்ளி நியமிக்கும் மூத்த மாணவர்தான் ப்ரீஃபெக்ட். பெரும்பாலும் 16 முதல் 18 வயது வரை படிக்கும் 'சிக்ஸ்த் ஃபார்ம்' வகுப்பிலிருந்து எடுப்பார்கள். அப்பா வேலைக்குப் போனபின் வீட்டில் மூத்த அண்ணன் சொல்வது செல்லுமே, ஏறக்குறைய அப்படி.

1950களின் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பையன்களின் தொப்பியும் டையும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது ப்ரீஃபெக்டின் வேலை. பிறகு பாட்டும் ஜெபமுமாகக் காலைக் கூட்டம். தினசரி வழிபாட்டை 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே கட்டாயமாக்கியிருந்தது. கறுப்பு அங்கி அணிந்த ஆசிரியர்கள் பையன்களைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நடைக்கூடத்தில் ஓடினால் ஒரே வாக்கியத்தை நூறு முறை எழுத வேண்டிவரும். பெரிய தவறுக்குப் பிரம்படி. அரசுப் பள்ளிகளில் அது சட்டப்படி ஒழிந்தது 1987இல்தான். என் பார்வையில் மிகவும் தாமதம்.

இந்த அதிகாரத்துக்கு ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தின் தனியார் விடுதிப் பள்ளியான ரக்பியில் 1828 முதல் 1842 வரை தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்ட், பொறுப்பைக் கையில் கொடுத்தால்தான் இளைஞன் பொறுப்புள்ளவனாவான் என்று நம்பி, மூத்த மாணவர்களை நம்பியே பள்ளியை நடத்தினார். கிராமர் பள்ளிகளும் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டன.

இவை பணக்காரர் பள்ளிகள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1944 சட்டத்துக்குப் பின், உள்ளாட்சி நடத்திய கிராமர் பள்ளிகளில் கட்டணம் கிடையாது, 11 வயதில் எழுதும் தேர்வில் தேறினால் போதும்.