கர்நாடக சங்கீதம் கற்றவள் கான்வென்ட்டில் பாட்டு டீச்சர் ஆகலாமா?

அல்சூரிலிருந்து எழுதிய அப்பாவுக்கு வணக்கம். மகள் இரண்டாம் பி.யு. (நம்ம பிளஸ் டூ) முடிக்கப் போகிறாள், வாய்ப்பாட்டில் சீனியர் தேர்வு தேறிவிட்டாள், பக்கத்து கான்வென்ட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு டீச்சர் ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். உங்களுக்கு இரண்டு கவலை: இந்துப் பெண்ணை எடுப்பார்களா, சம்பளம் கட்டுப்படியாகுமா.

எடுப்பார்கள். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அரசியலமைப்பின் 30-வது பிரிவு சிறுபான்மையினர் பள்ளியை அவர்களே நடத்தும் உரிமையைத் தருகிறது. சம தகுதியில் இருவர் வந்தால் சபைப் பெண்ணுக்கு முன்னுரிமை போகலாம். மற்றபடி பெங்களூரின் கிறிஸ்தவப் பள்ளிகளில் இந்து ஆசிரியைகளுக்குப் பஞ்சமில்லை. மறைக்கல்வி வகுப்பு வேறு, பாட்டு வகுப்பு வேறு. இருந்தாலும் காலை அசெம்பிளியின் ஜெபப் பாட்டும் டிசம்பர் கேரலும் பாட்டு டீச்சர் தலையில்தான் விழும். மனசாரச் செய்வாளா என்று அவளிடம் கேளுங்கள். வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். பெற்றோர் சம்மதமில்லாமல் ஒரு பிள்ளையை வழிபாட்டில் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 28-வது பிரிவு. அதனால் மழைப் பாட்டு, எண் பாட்டு என்று பொதுவானவையும் கைவசம் நிறைய வேண்டும்.

இனி, நீங்கள் கேட்காத விஷயம். நான் பயப்படுவது சுருதிக்குத்தான். மகள் 5 கட்டை சுருதியில் பாடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுடைய மத்திய ஸ்தாயி ஷட்ஜம், அதாவது பாட்டு தொடங்கும் 'ச', கீபோர்டின் நடு 'சி'க்கும் கீழே இருக்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் தொண்டை அங்கே இறங்காது. பாடுவதற்குப் பதில் உறுமும். டீச்சரோ 'இந்த கிளாசுக்கு ஞானமே இல்லை' என்பார்! சுருதிப் பெட்டியை 2 கட்டையில் வைத்து, நடு 'சி'க்கு அடுத்த 'டி'யை ஷட்ஜமாகக் கொண்டு, ச முதல் ப வரையுள்ள ஐந்து ஸ்வரங்களுக்குள் முடிகிற பாட்டாக எடுக்கச் சொல்லுங்கள். அவளுடைய பஞ்சமத்தில்தான் ('ப') பிள்ளைகளின் ஷட்ஜம் தொடங்குகிறது. ஸ்வரத்தை அசைக்கும் கமகம் வேண்டாம், ஸ்வரம் நேராக நிற்கட்டும். ஒரு வரி அவள் பாட, ஒரு வரி அவர்கள் பாட, இடையில் கைத்தட்டல். டெமோ கிளாசில் பிரின்சிபல் பார்ப்பதும் இதைத்தான். ராக ஆலாபனை கேட்க அங்கே யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

கீபோர்டு அவசியம் வேண்டும். சங்கராபரண ராகம் தெரிந்தவளுக்கு அதே ஸ்வரங்கள் கொண்ட மேற்கத்திய மேஜர் ஸ்கேல் புதிதல்ல. இடது கையில் கார்டு (chord, பல ஸ்வரங்களை ஒன்றாக அழுத்துவது) பிடிக்கத்தான் பழக வேண்டும். மேற்கத்திய இசையில் கிரேடு தேர்வு எழுதினால், ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற லண்டன் தேர்வு வாரியத்தில் 6-வது கிரேடு பிராக்டிகலுக்கு முன் 5-வது கிரேடு தியரி அல்லது அதற்கு ஈடாக ஏற்கும் தேர்வு தேற வேண்டும். இன்னொரு லண்டன் வாரியமான டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை. எட்டு கிரேடும் முடித்துவிட்டுத்தான் வேலை தேடுவேன் என்று உட்கார வேண்டாம்.

கர்நாடகத்தின் மாநிலப் பாட்டான நாடகீதையையும் மறக்க வேண்டாம். கர்நாடக அரசு 2022-ல் அதற்கு ஒரே மெட்டும் 2 நிமிடம் 30 வினாடி நேரமும் நிர்ணயித்தது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தருவது பாட்டு டீச்சர்தான். நம் வீட்டுப் பெண்கள் வழுக்குவது 'பா'வுக்கும் 'bha'வுக்கும் உள்ள வித்தியாசத்தில். கன்னடம் தெரிந்த ஒருவரிடம் ஒரு தடவை பாடிக் காட்டட்டும்.

படிப்பில் நான் பிடிவாதக்காரன்: பட்டம் கட்டாயம். இசையில் பி.ஏ. படித்தால் கேந்திரிய வித்யாலயாவின் தொடக்கப் பள்ளி இசை ஆசிரியர் பணிக்கும் விண்ணப்பிக்கலாம். அங்கே பிளஸ் டூவில் 50 சதவீதமும் இசைப் பட்டமும் கேட்கிறார்கள். வேறு பாடத்தில் பட்டம் என்றால் இரண்டு வருட பி.எட். சேர்த்துக்கொள்ளட்டும், பாட்டு பீரியட் குறைந்தாலும் வேறு பாடம் எடுக்கலாம்.

சம்பளம் பல தனியார் பள்ளிகளில் கிளாஸ் டீச்சரைவிடக் குறைவுதான். மாலை டியூஷன் அதை ஈடுகட்டும், ஆனால் சில பள்ளிகள் சொந்த மாணவருக்கு டியூஷன் எடுக்க விடாது. இன்டர்வியூவில் கூச்சப்படாமல் கேட்கட்டும்: முழுநேரமா, பி.எஃப். உண்டா, ஏப்ரல், மே சம்பளம் வருமா. கூடவே வாரத்துக்கு எத்தனை பீரியட், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்றும். பதிலை அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடட்டும்.