உத்தரவாதக் காலத்திலேயே மோட்டார் சைக்கிளின் இயந்திரம் திடீரென நின்றுவிட்டது. விற்ற கடை பொறுப்பேற்க மறுக்கிறது. என்ன செய்யலாம்?

வாங்கி ஓராண்டு நிறையாத மோட்டார் சைக்கிள், ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது என்கிறீர்கள். "எண்ணெய் பார்க்காமல் ஓட்டியிருக்கிறீர்கள், உத்தரவாதம் செல்லாது" என்று கடைக்காரர் சொல்லிவிட்டு, இயந்திரத்தைத் திறப்பதற்கு உங்கள் கையெழுத்தைக் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கையெழுத்தை நீங்கள் இன்னும் போடவில்லை என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன். போடாமல் இருந்தால் இதைப் படித்து முடிக்கும்வரை பொறுங்கள். போட்டுவிட்டிருந்தாலும் வழி அடைபட்டுவிடவில்லை. வேலை சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

நான் சட்டம் படித்தவனல்லன், பொறியியலும் படித்தவனல்லன். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். பால்மரம் அழிந்து செம்பனை வந்த பிறகும் செக்ரோல் என்னும் தொழிலாளர் பெயர்ப்பதிவேடு எழுதிய கை இது. எழுதி வைக்காத எதையும் நடந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்த வேலையில் படிந்த பழக்கம். இதைச் சொன்னால் என் பிள்ளைகளே சிரிப்பார்கள். ஆனால் என் இளைய மகனின் மோட்டார் சைக்கிள் விஷயத்தில் அந்தப் பழக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது.

அவன் தாசேக் தொழிற்பேட்டையில் இரவுப் பணி பார்ப்பவன். தோட்டத்துச் சாலைக்குப் பேருந்து வந்த காலம் மலையேறிவிட்டது. இங்கே பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள் என்பது ஆடம்பரம் அல்ல, அது இல்லையென்றால் சம்பளமே இல்லை. பட்டணத்தில் இருந்துகொண்டு, "ஒரு கப்சாய்க்கு, இந்தச் சின்ன மோட்டார் சைக்கிளுக்கு, இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 150 சிசி வண்டி, தவணையில் வாங்கியது, ஒன்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. கையேட்டில் இருந்த உத்தரவாதம் இரண்டு ஆண்டுகள் அல்லது 20,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை.

பணி முடிந்து விடியற்காலையில் திரும்பும்போது, காந்தான் சுண்ணாம்புக் குன்றுகளைத் தாண்டியதும் இயந்திரத்தில் கரகரவென்று ஓர் ஓசை கேட்டிருக்கிறது. அடுத்த கணம் பின்சக்கரம் இறுகப் பார்த்திருக்கிறது. கிளட்ச்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினான். அவன் அழைத்தபோது நான் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். மறுபடி உதைக்கவோ தள்ளி ஓட்டவோ முயலாதே. சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைத் தொடாதே. ஓடிய தூரம் காட்டும் எண், எச்சரிக்கை விளக்குகள், எண்ணெய்க் கண்ணாடி, வண்டிக்கு அடியிலுள்ள தரை, எல்லாவற்றையும் படம் எடு. வண்டி கடைக்குப் போகட்டும், ஆனால் நான் வரும்வரை எவரும் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றக் கூடாது. எண்ணெய்ப் படலம் அற்றுப்போன இயந்திரத்தில் சூட்டால் விரிந்த அலுமினியப் பிஸ்டன் சிலிண்டர் சுவரைக் கவ்விக்கொள்கிறது. அதை வீம்புக்கு உதைக்க உதைக்கக் கீறல் ஆழமாகும். பழுதின் முதற்காரணம் எது, பிறகு நேர்ந்தது எது என்று பிரித்துப் பார்க்க முடியாமலும் போய்விடும்.

நான் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பணித்தாள் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. "இயந்திரம் இறுகியது. காரணம்: வாடிக்கையாளரின் கவனக்குறைவு" என்று மலாய் மொழியில் தெளிவாக இருந்தது. இயந்திரமோ இன்னும் திறக்கப்படவே இல்லை. திறக்காமலேயே காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். முகப்பில் இருந்தவர் என் மகனின் தலைமுடியையும் தலைக்கவசத்தில் இருந்த ஒட்டுப்படங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "அங்கிள், இந்த வயதுப் பையன்கள் எல்லாரும் ரேஸ்தான்" என்றார்.

உங்கள் கேள்விக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வாக்கியத்தால்தான். தோட்டத்துப் பையன் மோட்டார் சைக்கிளில் ஏறினாலே அவன் ரெம்பிட், அதாவது சாலையில் பந்தயம் ஓட்டுகிறவன், என்று முடிவு கட்டுகிறார்கள். இரவெல்லாம் இயந்திரங்களுக்கு நடுவே நின்றுவிட்டு வரும் பிள்ளையைப் பார்த்து இப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். நெடுஞ்சாலையில் பந்தயம் ஓட்டுகிறவர்கள் இல்லை என்று நான் வாதிடவில்லை. புகைக்குழாயை மாற்றி, சிலிண்டரைப் பெரிதாக்கி, பிறகு உத்தரவாதம் கேட்டு நிற்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காக நான் பேசவில்லை. எங்கள் வண்டியில் தொழிற்சாலையிலிருந்து வந்த பாகம் ஒன்றுகூட மாற்றப்படவில்லை.

கோபத்தில் குரலை உயர்த்தினால் அதுவே அவர்களுக்கு வசதியாகிவிடும் என்பதால், மூன்று விஷயங்களை மட்டும் கேட்டேன். முதலாவது, பணித்தாளில் "காரணம்" என்ற வரியை அடித்துவிட்டு, வண்டி எந்த நிலையில் வந்தது என்பதை மட்டும் எழுத வேண்டும். இரண்டாவது, எண்ணெயை என் கண்முன்னே அளவுக்குவளையில் வடிக்க வேண்டும். மூன்றாவது, நான் இருக்கும்போதுதான் இயந்திரத்தைத் திறக்க வேண்டும், கழற்றிய பாகங்கள் அனைத்தையும் பையில் போட்டு வைக்க வேண்டும், பழுது தயாரிப்பிலோ பாகத்திலோ இருந்தால் திறந்ததற்குக் கூலி கிடையாது என்று எழுதித் தர வேண்டும். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு மூன்றுக்கும் ஒப்புக்கொண்டார்கள். உங்களிடம் கேட்கும் கையெழுத்துக்கு மேலேயும் இந்த மூன்று நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்க வேண்டும். வெறும் வாய்ச்சொல்லுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

எண்ணெய் வடிந்தது. கையேட்டில் சொன்ன அளவுக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். ஓடும் வண்டியில் இந்தக் குறைவு இயல்பே. "எண்ணெய் இல்லாமல் ஓட்டினான்" என்ற குற்றச்சாட்டு அந்தக் குவளையிலேயே முடிந்தது. எண்ணெயில் மின்னும் உலோகத் துகள்களும் இருந்தன; அதையும் படம் எடுத்துக்கொண்டேன்.

இயந்திரம் திறக்கப்பட்டபோது நான் கற்றுக்கொண்டதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர் சொல்லும் காரணத்தை உடைந்த பாகங்களே ஆமோதிக்கும் அல்லது மறுக்கும். அளவுக்கு மீறி முடுக்கி ஓட்டியதால் இயந்திரம் கெட்டிருந்தால், வால்வுகள் உரிய நேரத்தில் மூட முடியாமல் பிஸ்டனில் மோதி வளைந்திருக்கக்கூடும். பிஸ்டனின் தலையில் அந்த மோதலின் தழும்பு தெரியும். இக்கால வண்டிகளில் குறிப்பிட்ட சுழற்சி வேகத்துக்கு மேல் போகவிடாமல் மின்னணுக் கட்டுப்பாடு தடுப்பதால், முடுக்கியைத் திருகுவதால் மட்டும் அந்த நிலை வருவது எளிதல்ல. மேல் கியரில் பாய்ந்து போகும்போது தவறிக் கீழ் கியரில் போட்டால் வரலாம். குளிர்நீர் வற்றிச் சூடேறியிருந்தால் சிலிண்டர் மூடிக்கு அடியிலிருக்கும் கேஸ்கெட்டிலும் பிஸ்டனைச் சுற்றிலும் அதன் அடையாளம் இருக்கும், நீர்த்தொட்டியும் வற்றியிருக்கும். எண்ணெய் தொட்டியில் இருந்தும் மேலே ஏறாமல் போயிருந்தால், எண்ணெயை நம்பியே சுழன்று வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டும் அதன் இருக்கையும் தேய்ந்து, சூட்டில் நீலம் பாரித்துப் போயிருக்கும்.

எங்கள் வண்டியில் வால்வுகள் வளையவில்லை. நீர் குறையவில்லை. கேம் தண்டு நீலம் பாரித்திருந்தது, பிஸ்டனின் ஓரம் கீறியிருந்தது. கடையில் வயதான ஒரு மெக்கானிக், யாரும் கேட்காமலேயே எண்ணெய் பம்ப்பைக் கழற்றி, அதைச் சுழற்றும் பல்சக்கரத்தை என் உள்ளங்கையில் வைத்தார். பாதிப் பற்கள் இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பட்டறைக்காரர்கள் எல்லாரையும் நான் திட்டுவதாக யாரும் எழுத வேண்டாம் என்பதற்காக அந்த மனிதரைக் குறிப்பிடுகிறேன்.

அதற்குப் பிறகும் விஷயம் முடியவில்லை. சேவைக் கையேட்டில் ஒரு முத்திரை இல்லை என்றார்கள். அந்தச் சேவையைச் செய்ததே அதே கடை. முத்திரை குத்த மறந்தவர்களும் அவர்களே. ரசீது என்னிடம் இருந்தது, எண்ணெயின் பெயரும் ஓடிய தூரமும் அதில் இருந்தன. பிறகு, பாகங்களை நிறுவனம் தரும், ஆனால் கூலியை நீங்கள் கட்ட வேண்டும் என்றார்கள். உற்பத்திக் குறை என்று ஒப்புக்கொண்ட பழுதுக்கு எங்களிடம் எதற்குக் கூலி என்ற கேள்விக்கு, "இதுதான் எங்கள் நடைமுறை" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் பணத்தைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். வேலைக்குப் போக வேண்டுமே என்ற அவசரத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடையின் நடைமுறைக்கு மேலே 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், பாதுகாப்பாகவும் நீடித்து உழைப்பதாகவும் இருக்க வேண்டும் என்று அதன் 32ஆம் பிரிவு சொல்கிறது. கையேட்டில் அச்சிட்ட உத்தரவாதம் நிறுவனம் தானாகத் தருவது. 32ஆம் பிரிவின் உத்தரவாதமோ சட்டம் தருவது. "எங்கள் நிபந்தனைப்படி இது பொருந்தாது" என்று எழுதி வைத்து இதைத் தட்டிக் கழிக்க முடியாதபடி 6ஆம் பிரிவு தடுக்கிறது. சரிசெய்யக்கூடிய பழுதாக இருந்தால் நியாயமான காலத்துக்குள் விற்பனையாளர் சரிசெய்து தர வேண்டும். மறுத்தாலோ இழுத்தடித்தாலோ வேறிடத்தில் சரிசெய்து நியாயமான செலவைக் கேட்கலாம், அல்லது பொருளையே திருப்பிக் கொடுக்கலாம். கடை உங்களை உற்பத்தியாளரிடம் போகச் சொன்னால், விற்றவர் நீங்கள்தானே என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

நான் முதலில் கடைக்கும் உற்பத்தியாளருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன், கெடு வைத்தேன். கெடு கடந்ததும் ஈப்போவில் உள்ள பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில், அதாவது திரிபுனல் துந்துத்தான் பெங்குனாவில், கோரிக்கைப் படிவம் நிரப்பினேன். கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை, பொதுவாக அனுமதியும் இல்லை. கடையின் பக்கமும் வழக்கறிஞர் வந்து உங்களை மிரட்ட முடியாது. கோரிக்கையின் உச்சவரம்பு 25,000 ரிங்கிட்டாக இருந்து 2019இல் 50,000 ஆனது, ஆகவே எந்தக் கப்சாயும் அதற்குள் அடங்கிவிடும். மூன்று ஆண்டுகளுக்குள் கோர வேண்டும். தீர்ப்பாயத்தின் ஆணையை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாமல் விட்டால் அது குற்றமாகும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். படிவம் நிரப்பவோ மலாயில் எழுதவோ தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசி ஆலோசனை கேட்கலாம்.

விசாரணை நாளில் தலைவர் முதலில் இரு தரப்பையும் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார். அதுதான் அங்கே முறை. நான் படங்களையும் ரசீதுகளையும் பணித்தாளையும் மேசைமேல் தேதி வரிசையில் அடுக்கினேன், அடித்துவிடப்பட்ட "காரணம்" வரி மேலே தெரியும்படி. கடையின் பிரதிநிதி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, கூலி இல்லாமல் முழுப் பழுதும் சரிசெய்து தருவதாக ஒப்புக்கொண்டார். மகன் வேலைக்குப் போக வாடகை வண்டிக்குச் செலவழித்ததில் ஒரு பகுதியும் கிடைத்தது. அந்த உடன்பாடே ஆணையாகப் பதிவானது. புது வண்டி கிடைக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. சரிசெய்யக்கூடிய பழுதுக்குப் புது வண்டியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். "என் மைத்துனருக்குப் புது வண்டியே கொடுத்தார்கள்" என்று யாராவது வந்து சொல்வார்கள், கொடுத்திருக்கலாம், மகிழ்ச்சி.

தவணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டி ஓடவில்லை என்பதற்காகத் தவணையை நிறுத்திவிடாதீர்கள். 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி, தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினாலே வண்டியைப் பறிமுதல் செய்வதற்கான நடவடிக்கை தொடங்கலாம். அப்புறம் நீங்கள் இரண்டு பேரோடு போராட வேண்டியிருக்கும். கடைக்கு அனுப்பும் கடிதத்தின் நகலை நிதி நிறுவனத்துக்கும் அனுப்பிவிட்டுத் தவணையைக் கட்டிக்கொண்டே வாருங்கள்.

கடிதத்தில் நீண்ட கதை வேண்டாம். வாங்கிய தேதி, பதிவு எண், ஓடிய தூரம், சேவை செய்த தேதிகள், இயந்திரம் நின்ற நாளும் இடமும், கடை சொன்ன காரணம், அந்தக் காரணத்தை எந்தப் பாகத்தைப் பார்த்துச் சொன்னார்கள் என்ற கேள்வி, சரிசெய்து தர நீங்கள் கொடுக்கும் கெடு ஆகியவை போதும். "ரேஸ்", "கவனக்குறைவு" என்று அவர்கள் வாயால் சொன்னதையும் மேற்கோள் குறிக்குள் எழுதி, அதை எழுத்தில் உறுதிப்படுத்துமாறு கேளுங்கள். எங்கள் விஷயத்தில் அந்த வரிக்கு மட்டும் கடைசிவரை பதில் வரவில்லை.